தூண்டிலும் அறமும்

1946ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர், காவிரிப் படுகையில் 120 பவுண்டு எடையுள்ள மகசீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடித்தார். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மீனைப் பிடித்தது பெருஞ்சாதனையாகப் போற்றப்பட்டது. 2018ஆம் ஆண்டிலோ, காவிரியின் கூன்முதுகு மகசீர் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது.

“பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுகிறோம், வெடிவைத்து மீன்பிடிப்போரையும் தடுக்கிறோம்” என்பர் தூண்டில் விளையாட்டினர். அக்காவல் போற்றத்தக்கதே. எனினும், தூண்டில் முள்ளால் மீனின் வாய் புண்படுகிறது. நீரைவிட்டு எடுத்ததும் அது மூச்சுத் திணறுகிறது. மீனவர் பிழைப்புக்காகப் பிடிக்கின்றனர். போட்டியாளருக்கு அத்தேவை இல்லை. எனவே, அருகிவரும் மீனைப் போட்டிப்பொருளாக்குதல் தகாது. ஆற்றைக் காக்கும் பணியைத் தூண்டில் இன்றியும் தொடரலாம்.