முதலில் நகல், பிறகு பழுதுபார்ப்பு

கணக்காண்டு முடியும் மார்ச் மாதத்திலேயே மும்பையில் கோடையும் தொடங்கிவிடுகிறது. தாராவியில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் தோல் பைப் பட்டறையிலும், மாட்டுங்காவின் மளிகைக் கடையிலும், செம்பூரில் வீட்டின் ஓர் அறையையே அலுவலகமாக்கிக்கொண்ட வரி ஆலோசகரிடத்திலும் மடிக்கணினி ஓய்வின்றி உழைப்பது அந்த நாட்களில்தான். மணிக்கட்டை வைக்கும் இடம் சுடுகிறது, உள்விசிறி இரைகிறது, ஒரு கோப்பைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. உடனே நம்மில் பலர் விசிறி பொருத்திய பலகை ஒன்றை வாங்கி அடியில் வைத்து, கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். முதலில் செய்ய வேண்டியது அதுவன்று என்பதே நம் கருத்து.

ஹார்டு டிஸ்க் என்று கடைகளில் வழங்கும் வன்தட்டு, சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் இன்னமும் உள்ளது. அதன் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. தகவலைப் படித்து எழுதும் முனை அத்தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த உயரத்தில் மிதக்கிறது. இத்தகைய நுட்பமான கருவிக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாக விதிக்கும் மேல்வரம்பு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ். வெளியே 35 டிகிரி இருக்கையில், பக்கத்திலேயே கொதிக்கும் செயலியின் வெப்பமும் சேர்ந்தால் அந்த வரம்பு தொலைவில் இல்லை. மெத்தைமேல் வைத்தால் அடிப்புறக் காற்றுத் துளைகள் அடைபடுகின்றன. மும்பையின் ஈரக்காற்றில் தூசியும் பஞ்சும் விசிறியில் அப்பிக்கொள்கின்றன.

இவற்றுக்கெல்லாம் எளிய பரிகாரம் உண்டு. கணினியை மேசைமேல் சற்று உயர்த்தி வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே துப்புரவு செய்விக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் வன்தட்டின் வெப்பநிலையையும் உடல்நிலையையும் திரையில் காட்டிவிடும். 50 டிகிரிக்கு மேலேயே நின்றால் அசட்டையாக இருத்தல் கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து ஆற்றும் வைத்தியம் மட்டும் வேண்டா. உள்ளே நீர் பூத்துவிடும்.

ஆனால் இவை யாவும் இரண்டாவது வேலை. 2007ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தம் நிலையங்களில் இயங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, தட்டு தன்னைத்தானே கண்காணித்துப் பதியும் முக்கியக் குறிப்புகளில் எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை. வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தென்படவில்லை என்றும் அவர்கள் எழுதினர்; மிக உயர்ந்த வெப்பத்தில்தான் பழுது கூடியதாம். குளிரூட்டிய கூடங்களில் எடுத்த கணக்கு அது. தகரக் கூரைக்குப் பொருந்துமென்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. நமக்குப் பயன்படும் செய்தி வேறு: சூடு தணிந்துவிட்டது என்பதனால் தட்டு பிழைத்துவிட்டது என்று பொருளாகாது.

ஆகவே சூட்டை உணர்ந்த அன்றே, மற்றெதற்கும் முன்பாக, கோப்புகளை வேறொரு தட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும். விடியற்காலைக் குளிர்ச்சியில், மற்றச் செயலிகளை மூடிவிட்டு, விலைச்சிட்டைகளையும் கணக்குக் கோப்புகளையும் முதலில் எடுக்கலாம். திருமணக் காணொளி பிறகு வரட்டும். முழுத் தட்டையும் சோதிக்கும் நிரல்களை அப்போது ஓடவிடுவது நலிந்த தட்டை மேலும் வருத்துவதாகும். டக் டக் என்ற ஓசை கேட்டாலோ, உடனே அணைத்துவிட்டுத் தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் செல்வதே வழி.

இதில் சிறு வணிகருக்குள்ள பொறுப்பைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். ஆறு ஆண்டுகள்! மடிக்கணினியின் ஆயுளே பலவேளை அவ்வளவு இராது. கடன் கேட்டு வங்கிக்கு வரும் வாடிக்கையாளரிடம் நாம் கேட்பதும் அதே கணக்குகளைத்தான். நகைக்குப் பெட்டகம் எடுப்பவர், பட்டறையின் முழு வரலாற்றையும் சுழலும் ஒரே தட்டில் விட்டுவைப்பது நமக்கு விளங்காத புதிர்.

நகலும் அதே மேசை இழுப்பறையில் கிடந்தால் பாதிப் பயனே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, நகரின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தாராவிப் பட்டறையின் நகல் ஒன்று செம்பூரில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். இணையச் சேமிப்பில் இன்னொன்று வைத்தாலும் நன்று. மாதம் ஒருமுறையேனும் நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்துக்கொள்வது நலம்.

நகல் முடிந்தபின் லாமிங்டன் சாலைக்குப் போய், சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அதற்கும் சூடு ஆகாது. மிகுந்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய தட்டைக் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வாருங்கள். அழித்த கோப்புகளையும் பலவேளை மீட்டுவிட முடியும்; அதில் நம் வங்கி அறிக்கைகளும் ஆதார், பான் படிகளும் இருக்கின்றன.