ஆமிக்காரன் ஏன் மரக்கறி விற்றான்?

2010ஆம் ஆண்டின் கடைசியில் மரக்கறி விலை தலைக்கு மேல் போனபோது இலங்கை அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது: ஆமியை விட்டு மரக்கறி விற்பது. அந்தக் காலத்திலேயே கடற்படை உல்லாசப் பயணிகளைக் கப்பலில் ஏற்றித் திமிங்கிலம் காட்டத் தொடங்கியது. விமானப்படை ‘ஹெலிடுவர்ஸ்’ என்ற பெயரில் ரிக்கெற் விற்றது. காங்கேசன்துறைக் கடற்கரையில், 1990இல் சனம் விட்டுவிட்டு ஓடிய பகுதியில், இராணுவம் ‘தல்செவன’ என்று ஹோட்டல் நடத்தியது. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சண்டை முடிந்த ஆமிக்கு வேலை இல்லை. ஆளை வீட்டுக்கு அனுப்ப அரசாங்கத்துக்கு மனமும் இல்லை. அப்ப என்ன செய்யிறது? வேலை கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

1983இல் இந்த இராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 12,000 பேர். 2009 மே மாதம் போர் முடிந்தது. பதின்மூன்று வருசத்துக்கு மேல் கழித்து, 2023 ஜனவரி 13ஆம் திகதி, பாதுகாப்பு அமைச்சு சொன்ன எண்ணிக்கை 200,783. அதை அடுத்த வருசத்துக்குள் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். சமாதானம் வந்ததால் எடுத்த முடிவு இல்லை இது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த பிறகு வந்த முடிவு. காசு இருந்திருந்தால் இதையும் செய்திருக்க மாட்டார்கள். அந்த 100,000கூட, மூன்று மடங்கு சனத்தொகை உள்ள பிரித்தானியாவின் நிரந்தரத் தரைப்படையைவிடப் பெரிது.

2023 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்குமாகச் சேர்த்து ஒதுக்கியது ஏறத்தாழ 539 பில்லியன் ரூபாய். சுகாதாரத்துக்கு ஏறத்தாழ 322 பில்லியன். அதற்கு முந்தின வருசம்தான் மருந்து இல்லாமல் பேராதனை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். 2024இல் வற் வரியை 18 வீதமாக்கினார்கள். அதைக் கட்டுகிறவர் பணக்காரர் மட்டுமில்லை; கடைக்குப் போகும் எல்லோரும்தான். ‘இது சிங்கள அரசின் செலவு, எங்களுக்கென்ன’ என்று சொல்லும் தமிழ் நண்பர்களே, யாழ்ப்பாணத்துக் கடையில் நீங்கள் வாங்கும் சாமானிலும் அந்த 18 வீதம் இருக்கிறது. உங்கள் ஊர் வாசலில் நிற்கும் காவலரணுக்கு நீங்களும்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

‘பாதுகாப்பு என்று ஒன்று வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று 260க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அன்றைக்கும் இந்தப் பெரிய ஆமி இருந்தது. ஆள் பற்றாக்குறையால் நடந்த அழிவில்லை அது. இந்தியாவிலிருந்து முன்கூட்டியே வந்த எச்சரிக்கை மேசைக்கு மேசை கிடந்ததால் நடந்தது. உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது 2023 ஜனவரி 12ஆம் திகதி. ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது அதற்கு அடுத்த நாள். இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். கடலால் சூழப்பட்ட, தரை எல்லையே இல்லாத தீவுக்குத் தேவை ஒழுங்காக வேலை செய்யும் புலனாய்வும், பொலிசும், கடற்படையும். முகாம் முகாமாகப் புல்லு வெட்டும் காலாட்படை இல்லை.

சரி, எப்படிக் குறைப்பது? ‘எல்லாரையும் துரத்து’ என்று எழுதுவது சுகம். ஆனால் ஆமிக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் தென்பகுதிக் கிராமத்து ஏழைப் பெடியன்கள். அவர்களுக்கு அது தேசபக்தி மட்டுமில்லை. மாசச் சம்பளம், கடைசியில் பென்ஷன். பாதுகாப்புச் செலவின் பெரும்பங்கும் அந்தச் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் போகிறது. ஆகவே ஆளைக் குறைக்காமல் செலவைக் குறைக்க முடியாது. ஆளைத் தெருவில் விட்டாலோ, துவக்குப் பிடிக்க மட்டும் தெரிந்தவன் யாரிடம் வேலைக்குப் போவான்? முதலில் புது ஆள் சேர்ப்பதை நிறுத்தட்டும். பிறகு, விலக விரும்புகிறவருக்குச் சேவை செய்த வருசத்துக்கு ஏற்ற பென்ஷனும் ஒரு தொழிற்பயிற்சியும் கொடுத்து அனுப்பட்டும். முதல் சில வருசம் இதற்கும் காசு போகும். பிறகுதான் மிச்சம் தெரியும். அந்தப் பொறுமை இல்லாத எந்த அறிவிப்பும் வெறும் பேப்பர்தான்.

இதில் எங்கள் பக்கத்தைக் குத்தும் முள்ளும் உண்டு. வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணை நடத்துகிறது, முன்பள்ளி நடத்துகிறது. அதில் வேலை செய்பவர்கள் தமிழர். முன்னாள் போராளிகளும், போரில் கணவரை இழந்த பெண்களும் உண்டு. வெளியே முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பதைவிட அங்கே சம்பளம் கூட. அதைப் பூட்டு என்று நாங்கள் மேடையில் கத்தினால் முதலில் அடுப்பு அணைவது அந்தப் பெண்களின் வீட்டில்தான். கேட்க வேண்டியது வேறு: அந்த வேலையை, அந்தச் சம்பளத்தோடு, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு மாற்று. பண்ணையை அங்கே வேலை செய்கிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்திடம் கொடு. காணி சொந்தக்காரருடையது என்றால் காணியையும் கொடு. ஒரு நாலு வயதுப் பிள்ளை அகரம் எழுதப் பழகுவதற்குப் பாதுகாப்பு அமைச்சு எதற்கு?

அடுத்தது கணக்கு. ‘தேசியப் பாதுகாப்பு’ என்ற சொல்லை ஒரு பெட்டியின் மேல் ஒட்டிவிட்டால் உள்ளே பார்க்க யாருக்கும் துணிவு வருவதில்லை. 2006இல் உக்ரைனிலிருந்து மிக்-27 விமானங்கள் வாங்கிய விவகாரத்தில் விலை பற்றியும் இடையில் நின்ற கம்பனி பற்றியும் ‘சண்டே லீடர்’ கேள்வி கேட்டது. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஆயுதக் கணக்குக் கேட்கப் பயப்படும் நாடாக இது ஆனதில் அந்தக் கொலைக்குப் பங்கு உண்டு. கொள்வனவு ஒவ்வொன்றும் பாராளுமன்றக் குழு முன்னால் வரட்டும். இரகசியமாக இருக்க வேண்டியது ஏவுகணையின் தொழில்நுட்பம் என்றால் விளங்குது. ஹோட்டல் வருமானத்தில் என்ன இரகசியம்? அது திறைசேரிக்குப் போகட்டும், கணக்காய்வாளர் பார்க்கட்டும்.

உள்நாட்டுப் போர் முடிந்த சிறிய நாடு இதைவிடத் துணிவாக நடந்ததற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கோஸ்ட்டா ரிக்கா 1948இல் தன் போர் முடிந்த அதே வருசம் இராணுவத்தைக் கலைத்தது. ஹோசே ஃபிகெரெஸ் சம்மட்டியால் படைமுகாமின் சுவரை அடித்து அதை அறிவித்தார். அந்த முகாம் இப்போது தேசிய அருங்காட்சியகம். எங்களுக்கு அவ்வளவு தூரம் இன்றைக்கே போக முடியாது, தெரியும். ஆனால் வரவு செலவுத் திட்ட விவாதம் வருசா வருசம் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. பாதுகாப்பு ஒதுக்கீட்டுக்கு வாக்கெடுக்கும் நாளில் உங்கள் மாவட்ட எம்பி எழும்பி நின்று என்ன கேட்டார், எதற்குக் கை உயர்த்தினார் என்று பாருங்கள். மண்ணை மீட்போம் என்று மேடையில் முழங்கியவர் அன்றைக்குச் சபையிலேயே இல்லையென்றால், அடுத்த தேர்தலில் அவரிடம் கேட்பதற்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும்.