எண் பொறித்த துப்பாக்கியும் பெயரழிந்த சிப்பாயும்

பழைய படைத்துப்பாக்கிகளைச் சேகரிப்போர் எழுதும் குறிப்புகளில் ஒரு வாசகம் மந்திரம்போல் திரும்பத் திரும்ப வரும்: எண்கள் பொருந்துகின்றன. லீ–என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலிலும் உடற்பகுதியிலும் போல்ட்டிலும் ஒரே வரிசை எண் இருந்தால் அதன் மதிப்பு ஏறிவிடுகிறது. மரக்கட்டையின் கழுத்தை அணைத்திருக்கும் இரும்பில் மகுடம், தொழிற்சாலையின் பெயர், ஆண்டு. பின்கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் படைப்பிரிவின் குறி. இத்தனையையும் பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கும் ரசிகர்கள், அதைத் தோளில் சுமந்தவன் யார் என்ற கேள்வியின் முன் மட்டும் திடீரென்று எழுத்தறிவை இழந்துவிடுகிறார்கள்.

கருவியைக் கருவியாகப் பார்க்க வேண்டும், அரசியலை அதில் கலக்கலாகாது என்பது அவர்கள் வழக்கமாகத் தரும் விடை. அந்த விடையைத்தான் நாம் மறுக்கிறோம். துப்பாக்கிக்குள் அரசியலைத் திணிக்க வேண்டிய தேவை நமக்கில்லை. அது குழலின் உட்சுவரிலேயே கடையப்பட்டிருக்கிறது. இதை உவமையாகச் சொல்லவில்லை.

1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். குழலின் உட்புறத்தில் திருகாக ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழலவைத்து நேராகச் செலுத்தின. பல நூறு கெஜத் தொலைவுக்கு ஏற்றி இறக்கிக் குறிபார்க்கும் தகடும் அதில் உண்டு. 1857இன் தொடக்கத்தில் இத்துப்பாக்கி இந்தியச் சிப்பாய்களின் பயிற்சிக்கு வந்தபோது, பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய அதன் காகிதத் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தியை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். பாடநூல் அழுத்திச் சொல்லாத ஒன்றுண்டு. கிளர்ந்தெழுந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது திருகுப்பள்ளமற்ற பழைய மஸ்கட். அவர்களை ஒடுக்க வந்த வெள்ளைப் படைகளின் கையிலோ என்ஃபீல்டு.

இந்தப் பாடத்தை அரசு நன்றாகவே கற்றுக்கொண்டது. கிளர்ச்சியை ஒட்டி, இந்தியச் சிப்பாய்களுக்கென்றே 1858ஆம் ஆண்டு மாதிரி ஒன்று உருவாயிற்று. தோற்றத்தில் அது என்ஃபீல்டுதான். ஆனால் குழல் அகலப்படுத்தப்பட்டுத் திருகுப்பள்ளங்கள் இல்லாமல் ஆக்கப்பட்டன. ஏற்றி இறக்கும் தகட்டின் இடத்தில் அசையாத ஒரு குறி வைக்கப்பட்டது. நூறு கெஜத்தைத் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இது தொழில்நுட்பம் போதாமையால் விளைந்த குறையன்று. நன்றாகச் சுடத் தெரிந்த ஒரு கருவியைத் தெரிந்தே மந்தமாக்கிய செயல். ஏகாதிபத்தியம் தன் சிப்பாயைப் பற்றி மனத்தில் என்ன நினைத்தது என்பதற்கு இதைவிட நேர்மையான ஆவணம் வேறு கிடையாது. ஆவணக் காப்பகத்தில் தாள்கள் பொய் சொல்லக்கூடும். கடைந்த இரும்பு சொல்லாது.

அடுத்த அரை நூற்றாண்டும் அதே கணக்குத்தான். 1859இல் பீல் ஆணையம் பரிந்துரைத்த வழியில், வங்காளப் படையில் இரண்டு இந்தியருக்கு ஒரு வெள்ளையர் என்ற விகிதம் பேணப்பட்டது. சில மலைப்பீரங்கி அணிகள் நீங்கலாகப் பீரங்கிகள் இந்தியர் கையிலிருந்து எடுக்கப்பட்டன. வெள்ளைச் சிப்பாய் மார்ட்டினி–ஹென்றி ஏந்தியபோது இந்தியன் கையில் ஸ்னைடர் இருந்தது. அவன் லீ–மெட்ஃபோர்டுக்கு மாறியபின் இவனுக்கு மார்ட்டினி வந்தது. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். தமிழ்நாட்டு வாசகர் இதில் தம் பங்கையும் கவனிக்கலாம். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதன்பின் 1893 வரை இந்தியப் படைக்கும் தளபதியாயிருந்த ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் தூக்கிப்பிடித்த ‘போர்க்குடி’ கோட்பாட்டின் பெயரால் சென்னைப் படையின் காலாட்பிரிவுகள் பல கலைக்கப்பட்டன, அல்லது வடவரைக் கொண்டு நிரப்பப்பட்டன. வடக்கே சிப்பாயின் துப்பாக்கியை மந்தமாக்கியவர்கள், தெற்கே துப்பாக்கியையே வாங்கிக்கொண்டார்கள்.

இனி 1914. செப்டம்பர் இறுதியில் லாகூர் டிவிஷனும் அதன்பின் மீரட் டிவிஷனும் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அங்கேதான் அவர்களின் பழைய துப்பாக்கிகள் வாங்கப்பட்டு, பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் புதிய மார்க் 3 லீ–என்ஃபீல்டு கையில் கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர்கள் ஈப்ர முனையின் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த சந்தேகம் சில நாள்களில் தீர்ந்த அதிசயத்தை நாம் வியந்தாக வேண்டும்! நம்பிக்கை பிறந்துவிடவில்லை. ஐரோப்பாவில் ஆள் பற்றாக்குறை பிறந்துவிட்டது. அவ்வளவே.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் வேறொரு திசையிலிருந்து குரல் எழுப்புவார்கள். அவன் கூலிக்குச் சுட்டவன், அந்நியனின் படியளப்புக்காகச் செத்தவன், அவனை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்பார்கள். இந்தத் தேசியவாதிகளும் அந்தச் சேகரிப்பாளர்களும் தம்மை எதிரெதிர் முகாம்களாகக் கருதிக்கொள்கிறார்கள். விளைவில் இருவரும் கூட்டாளிகள். ஒருவர் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு மனிதனைத் தூக்கி எறிகிறார். மற்றவர் இரண்டையும் சேர்த்தே எறிகிறார். வறட்சியும் கடனும் வரியும் துரத்த, மாதச் சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்த உழவனின் மகனை விசாரணைக் கூண்டில் ஏற்றுவது எளிது. அவனைப் போற்றும்படி நாம் கேட்கவில்லை. அவனை வாசிக்கும்படி கேட்கிறோம்.

வாசிக்க என்ன இருக்கிறது? முதல் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்தனர். 74,000 பேருக்கு மேல் இறந்தனர். பிரான்சின் நவ் ஷாப்பெல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அது ஐரோப்பா. 1915 இறுதியில் அதே டிவிஷன்கள் மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே மாண்டவர்களுக்காக 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சுவரில் பிரிட்டிஷாருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் தத்தம் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் அளித்த அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது கணக்கிட்டது. மன்னிப்பும் கேட்கப்பட்டது, ஏறத்தாழ நூறாண்டு கழித்து.

துப்பாக்கிக்குத் தனித்தனி வரிசை எண், அதைச் சுமந்தவனுக்கோ மொத்தக் கணக்கு. இந்த முரணைச் சுட்டுவது அரசியலைக் கலப்பது என்றால், கலப்போம். நடுகல் எழுப்பிய மரபில் வந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கலாகாது. ஆநிரை மீட்டு விழுந்தவனின் கல்லில் அவன் கையின் வில்லையும் வாளையும் செதுக்கியவர்கள், அருகிலேயே அவன் பெயரையும் எழுத முனைந்தார்கள். ஆயுதத்தை மட்டும் செதுக்கிவிட்டுப் போகவில்லை.

அந்தச் சிப்பாய்களில் ஒருவனுடைய குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட மால் சிங் என்பவர் 1916 டிசம்பர் 11 அன்று, பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டார்ஃப் முகாமில், ஒலிப்பதிவுக் கருவியின் முன் பேசினார். மொழியாய்வுக்கான மாதிரியாக அதைப் பதிவு செய்தவர்களுக்கு வேண்டியிருந்தது அவர் உச்சரிப்பு மட்டுமே. அவரோ தம்மையே யாரோ ஒருவன் போலப் படர்க்கையில் வைத்து, ஊரில் வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒருவன் இந்தப் போருக்கு வந்து சிக்கிக்கொண்டதையும் நாடு திரும்பும் ஏக்கத்தையும் சொன்னார். துப்பாக்கியைப் பற்றிய பெருமிதம் அதில் இல்லை. இருந்தது வெண்ணெய்.

லீ–என்ஃபீல்டு துப்பாக்கியோ 2020 வரை உத்தரப் பிரதேசக் காவல்துறையில் வாழ்ந்து, குடியரசு நாள் அணிவகுப்பில் முறையாக விடைபெற்றது. இரும்புக்குக் கிடைத்த பிரியாவிடை அது. நாம் வேண்டுவது ஒன்றே. இனி எவரேனும் ஒரு பழந்துப்பாக்கியைச் சிலாகித்து எழுதும்போது, எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்து முடித்தபின், பித்தளை வில்லையில் உள்ள படைப்பிரிவின் குறியையும் ஒருமுறை வாசிக்கட்டும். அந்தப் பிரிவு எங்கே போயிற்று, எத்தனை பேர் திரும்பவில்லை, அவர்கள் பெயர் எந்தச் சுவரில் இல்லை என்று தேடட்டும். அதைத் தேடாதவர் துப்பாக்கியின் வரலாற்றை எழுதவில்லை, அதன் விலைப்பட்டியலைத்தான் எழுதுகிறார்.