கணினிப் பெட்டிக்கும் காற்று வேண்டும்



இம்மாதம் குசினியையும் குழந்தை வளர்ப்பையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, முன்னறை மேசைக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். கணினி பிள்ளைகளின் படிப்புக்கென்றே வாங்கப்படுகிறது. ஆயின் அது நின்றுபோகும் அன்று பதில் சொல்ல வேண்டியவர் உம்மாதான். வாப்பா கடையிலோ வயலிலோ கடல் கடந்தோ இருப்பார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். திருத்துகிறவர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்திருப்பீர்கள். அவர் வந்து செய்கிற வேலையிற் பாதியை, ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு பெயின்ட் பிரஷும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம்.

நம் வன்னி மக்களுக்கு இந்தத் துணிவு புதிதன்று. 1990 இற்குப் பின் பல ஆண்டுகள் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரமும் இல்லை, பற்றரிகளுக்கும் தடை. சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலை மிதித்து, அதன் டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள் அன்றிருந்த மக்கள். அதைச் செய்தவர்கள் எவரும் பொறியியல் படித்தவர்கள் அல்லர்.

சரி, பெட்டி ஏன் சூடாகிறது? கணினி இழுக்கிற மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. அதன் மூளையாகிய புரொசசர் ஒரு தீப்பெட்டியிலும் சிறிய பரப்பில் 65 வாற் வெப்பத்தை வெளியிடக்கூடும். பழைய 60 வாற் மின்குமிழை எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை சூடு என்பது தெரியும். அந்த வெப்பத்தை வெளியேற்ற, புரொசசரின் மேல் சீப்புப் பற்கள் போன்ற அலுமினியத் தகடுகளும், அவற்றின் மேல் ஒரு சிறு மின்விசிறியும் வைத்திருக்கிறார்கள். விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையின் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்கிவிட முடியாது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் 24 பாகையில் இருக்கும் கணினிக்கும், வவுனியாவில் தகரக் கூரையின் கீழ் 35 பாகையில் இருக்கும் கணினிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம்முடையது 11 பாகை முன்னதாகவே ஓட்டத்தைத் தொடங்குகிறது.

இதன்மேல் தூசி வேறு. வைகாசி தொடங்கிச் சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிரவல் பாதையோர வீடுகளில் காலையில் துடைத்த மேசையில் அஸருக்குள் விரலால் பெயர் எழுதலாம். அதே தூசியைத்தான் கணினியின் விசிறி நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. ஓரிரு வருடங்களில் அந்த அலுமினியப் பற்களுக்கிடையே பஞ்சு மெத்தை போல் அடைத்துக்கொள்ளும். காற்றுப் புகாது. வெப்பம் ஏறுவதைக் கண்டு விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். அந்த ஓலம்தான் இஷாவுக்குப் பின் தொட்டிலிற் கிடக்கும் பிள்ளையை எழுப்புகிறது. சத்தம் ஒரு தனி நோயன்று, பெரும்பாலும் அது சூட்டின் முறைப்பாடு. வெப்பம் 100 பாகையை நெருங்கும்போது புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி சட்டென்று அணைந்துவிடும்.

துப்புரவு செய்யும் முறை இது. கணினியை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பிறகு கணினியின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். வெளி விறாந்தைக்குக் கொண்டுபோய்ப் பக்கத் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றுங்கள். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொடவேண்டும். நைலோன் உடை உரசி உடலிற் சேரும் மின்னேற்றம் நமக்குத் தெரியாமலே சில்லுகளைக் கெடுத்துவிடும். புதிய, காய்ந்த பெயின்ட் பிரஷினாற் தூசியைத் தளர்த்தி, சைக்கிள் பம்பினாற் காற்றடித்து வெளியேற்றுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் போய்ப் படியும். காற்றடிக்கும்போது விசிறியின் இதழை ஒரு விரலாற் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமற் சுழன்றால் அதன் அச்சு தேய்ந்துவிடும். வெற்றிட இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதை உள்ளே நுழைக்க வேண்டாம். ஈரத்துணியும் வேண்டாம். பின்பக்க மூலையில் மின்கம்பி நுழையும் இரும்புப் பெட்டிதான் பவர் சப்ளை. அதை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளை வீழ்த்தும் மின்னேற்றம் அதற்குள் தங்கியிருக்கும். வெளியிலிருந்து தூசியைத் தட்டினாற் போதும்.

சோழகக் காலத்தில் இரண்டு மாதத்துக்கொரு முறையும், மற்றக் காலத்தில் நான்கு மாதத்துக்கொரு முறையும் செய்தால் தாராளம்.

இப்போது உங்களிற் சிலருக்குக் கோபம் வரக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சரிகையும் பூவேலையும் செய்த உறை ஒன்றைக் கணினிக்குப் போர்த்தி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அழகுதான், கைவேலையின் அருமையும் எனக்குத் தெரியும். ஆனால் ஓடுகிற கணினியின் மேல் உறை கிடப்பது, ஓடுகிறவன் முகத்தைப் போர்வையால் மூடுவதற்குச் சமம். அணைத்து அரைமணி நேரம் சென்றபின் போர்த்துங்கள். மேசையின் அடியிலுள்ள மரப் பெட்டகத்துக்குள் கணினியைத் தள்ளிக் கதவைச் சாத்துவதும் இதே கதைதான். பின்னாலும் பக்கத்திலும் ஒரு சாண் இடம் விடுங்கள். தரையில் வைக்காமல் ஓரடி உயர்த்தி வைத்தால், பெருக்கும்போது எழும் தூசி உள்ளே போவது குறையும். இதற்கு நேரெதிராக, பக்கத் தகட்டையே கழற்றி எறிந்துவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்குக் குளிரும். ஒரு மாதத்தில் தூசியும் பல்லியும் எறும்பும் குடியேறும். முன்னால் கீழிருந்து காற்று புகுந்து பின்னால் மேல்வழியாக வெளியேறும்படிதான் அந்தப் பெட்டி அமைக்கப்பட்டிருக்கிறது.

சத்தத்தைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினாற் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். அது காதுக்குப் பெரிய வித்தியாசம். ஆனால் காற்றும் பாதியாகுமே! ஆகவே 80 மில்லிமீற்றர் விசிறியை எடுத்துவிட்டு, பெட்டியில் இடமிருந்தால் 120 மில்லிமீற்றர் விசிறியைப் போடுங்கள். பெரியது மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். செலவேயில்லாத வழி ஒன்றும் உண்டு. விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில், மெக்ஸிமம் புரொசசர் ஸ்டேட் என்னுமிடத்தில் 100 ஐ 99 ஆக்கினால், பல கணினிகளில் புரொசசர் அவசர வேகத்துக்குத் தாவுவது நின்றுவிடும். கட்டுரை தட்டெழுதும் பிள்ளைக்கு அந்த வேகம் தேவையே இல்லை, சூடோ நன்றாகக் குறையும். பெட்டி மேசையோடு சேர்ந்து அதிர்ந்து இரைந்தால், தேய்ந்த றப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டிக் காலுக்குக் காலாக வையுங்கள். கடையில் விற்கும் அதிர்வுத் தாங்கியும் இதுவும் ஒன்றே.

ஆனால் விசிறி இரைச்சல் வேறு, பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று இடைவிட்டு வரும் ஓசை வேறு. அது ஹார்ட் டிஸ்க்கின் கடைசிக் காலத்து ஓசையாக இருக்கலாம். அதைக் கேட்டால் வேறெதையும் பாராமல், முக்கியமானவற்றை உடனே வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிடுங்கள்.

கோளாறுகளைப் பிரித்தறியவும் ஒரு வழி சொல்கிறேன். தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அணைந்து, ஆறவிட்டால் மீண்டும் எழும்பினால் சூடுதான். துப்புரவு செய்தும் தீராவிட்டால் புரொசசருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு ஓர் அரிசிமணியிலும் சற்றுப் பெரிய அளவு புதுப்பசை இட்டால் போதும், அப்பிவிட வேண்டாம். அயல் வீட்டில் வெல்டிங் வேலை தொடங்கும்போதோ தண்ணீர் மோட்டர் போடும்போதோ அணைந்தால் அது மின்னழுத்தத் தாழ்வு. தேதியும் நேரமும் அடிக்கடி பழைய வருடத்துக்குப் போனால், உள்ளே நாணயம் போன்ற 3 வோல்ற் பற்றரி தீர்ந்திருக்கிறது. சீ.ஆர். 2032 என்று கேட்டு வாங்குங்கள், ஒரு நிமிட வேலை. விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு ராம் அட்டையை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை மெல்லிய அழிறப்பரால் தேய்த்து, துகளை ஊதாமற் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்து உப்புக்காற்றில் இந்தக் கோளாறை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே கவனம். விசிறிக் கோளாறுக்கும் ஃபோர்மட் அடிக்கச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. ஃபோர்மட் என்பது வீட்டைத் துடைப்பதற்குப் பதில் வீட்டுச் சாமான்களை எல்லாம் எரித்துவிட்டுச் சுத்தமாயிற்று என்பது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, தண்ணீரூற்றையும் நீராவிப்பிட்டியையும் விட்டுப் புத்தளத்துக்குப் போன குடும்பங்கள் கல்யாணப் படங்களையும் காணி உறுதிகளையும் விட்டுவிட்டே போயின. 2009 இல் நம் தமிழ் அயலவர்கள் வழிநெடுக இழந்ததும் கொஞ்சமல்ல. எஞ்சிய ஓரிரு படங்களையும் கடதாசிகளையும் இன்று ஸ்கேன் செய்து அந்தப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறோம். அவற்றைப் பென் டிரைவ் ஒன்றிலும் எடுத்து, அதை வேறொரு வீட்டில், உம்மா வீட்டிலோ ராத்தா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பிரதி இருப்பது ஒரு பிரதிதான்.

இன்னொன்று. உங்கள் குடும்பப் படங்கள் அந்நியர் கண்ணிற் படக்கூடாது என்று நினைப்பீர்கள், அது நியாயமே. பவர் சப்ளை, விசிறி, பசை போன்ற வேலைகளுக்கு உங்கள் ஹார்ட் டிஸ்க் கடைக்காரருக்குத் தேவையில்லை. இரண்டு வயர், நான்கு திருகாணி. கழற்றி அலுமாரியில் பூட்டிவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுத்தனுப்புங்கள். தயங்கவும் வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கியதையும் பார்த்தோம். யூ.பீ.எஸ். ஒன்று இருந்தால், வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்கப் பத்து நிமிடம் கிடைக்கும். அதைக் கொண்டு மின்விசிறி ஓட்டாதீர்கள். லேசர் பிரின்டரையும் அதில் பொருத்தாதீர்கள். அதன் ஈயப் பற்றரிக்கும் சூடு பகை. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகையால் கணினியின் சூட்டுக்காற்று வெளியேறும் பக்கத்தில் அதை வைக்காமல் தள்ளி வையுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் வானம் கறுத்து இடி கேட்கத் தொடங்கினால் யூ.பீ.எஸ்ஸையும் நம்பியிருக்க வேண்டாம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். இன்டர்நெட் வயர் தொலைபேசிக் கம்பி வழியாக வருகிறதென்றால் அதையும் கழற்றுங்கள். பலர் மின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு அந்த மெல்லிய வயரை மறந்துவிடுகிறார்கள், மின்னல் அதன் வழியாகவும் வரும்.