கொதித்த நீரும் கழுவிய கையும்

கண்ணின் வெண்மையில் மஞ்சள் படர்ந்தால், அதனைக் காமாலை என்று வீட்டுப் பெரியவர்கள் உடனே கண்டுகொள்வர். காமாலை என்பது தனியொரு நோயின் பெயர் அன்று. பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் குருதியில் மிகுந்துவிட்டதன் அடையாளம். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நீராலும் உணவாலும் பரவுவது ஹெபடைடிஸ் ஏ என்னும் கல்லீரல் அழற்சி. திருவிழாக்களிலும் தலயாத்திரையிலும் பலர் ஒரே நீரைப் பருகி, ஒரே பந்தியில் உண்பதால், கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்டீபன் ஃபைன்ஸ்டோன், ஆல்பர்ட் கபிகியன், ராபர்ட் பர்செல் ஆகிய மூவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே இதனைக் கண்டறிந்தனர். நோயாளியின் மலத்தில் வெளியேறும் இக்கிருமி, கழிவுநீர் கலந்த குடிநீராலோ, கழுவாத கையால் பரிமாறிய உணவாலோ மற்றொருவரின் வாயை அடைகிறது. உள்ளே சென்ற பின் 2 முதல் 7 வாரங்கள் வரை எந்த அறிகுறியும் தெரியாது. பின்னர் காய்ச்சல், சோர்வு, பசியின்மை, குமட்டல், வயிற்றின் வலப்புற மேற்பகுதியில் வலி ஆகியன தோன்றும். சிறுநீர் கடுங்காப்பியின் நிறம் கொள்ளும். அதன்பின் கண்கள் மஞ்சளிக்கும்.

மஞ்சள் தெரிவதற்கு முந்தைய இரு வாரங்களிலேயே நோயாளியிடமிருந்து கிருமி மிகுதியாக வெளியேறுகிறது. எனவே, அன்னதானக் கூடத்தில் நலமாகத் தோன்றும் ஒருவரே அறியாமல் நோயைப் பரிமாறக்கூடும். சமைப்போரும் பரிமாறுவோரும் கழிப்பறைக்குச் சென்று வந்தபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும் என்ற விதிக்கு விலக்கே இல்லை.

இக்கிருமி எவ்வளவு விரைவில் பரவும் என்பதற்குச் சீனத்தின் ஷாங்காய் நகரம் சான்று. 1988-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சில வாரங்களுக்குள் அங்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். கழிவுநீர் கலந்த கடலோரத்தில் வளர்ந்த சிப்பிகளை, கொதிநீரில் சற்றே அமிழ்த்தி எடுத்து உண்டதே காரணம். வெந்நீர் பட்டது, ஆனால் கிருமி மாளும் அளவுக்குச் சூடு உள்ளே செல்லவில்லை. நோயுற்றோரில் பெரும்பாலோர் இளவயதினர்.

வயதுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வியப்பூட்டுவது. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு மஞ்சளே தோன்றாது. காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ போல வந்து கடந்துவிடும். வயது ஏற ஏற நோயின் கடுமையும் ஏறும். ஒருமுறை வந்தவருக்கு வாழ்நாள் முழுதும் எதிர்ப்பாற்றல் நிலைக்கும். கிணற்று நீரும் குளத்து நீரும் குடித்து வளர்ந்த இன்றைய முதியோரில் பலர், தாம் அறியாமலே சிறுவயதில் இதனைக் கடந்தவர்கள். சுத்திகரித்த நீரையே பருகி வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தாத்தா குடித்த அதே நீர்மோரைக் குடித்த கல்லூரி மாணவன் படுக்கையில் விழுவது இதனால்தான். சுகாதாரத்தில் முன்னிற்கும் கேரளத்திலேயே 2024-ஆம் ஆண்டில் எர்ணாகுளம், மலப்புறம் மாவட்டங்களில் இந்நோய் பரவி உயிரிழப்புகளும் நேர்ந்தன.

இந்த வைரஸைக் கொல்லும் தனி மருந்து இல்லை. ஓய்வு, போதிய நீர், எளிதில் செரிக்கும் உணவு ஆகியவற்றால் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் தேறிவிடுவர். தானாகவே தணியும் நோய் ஆதலால், கீழாநெல்லிக்கும் மந்திரிப்புக்கும் அப்பெருமை சென்று சேர்கிறது. கையில் சூடு போடுதல், கண்ணில் பச்சிலைச் சாறு விடுதல் ஆகியவற்றால் புண்ணே மிஞ்சும். காய்ச்சல் மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் விழுங்கலாகாது; கல்லீரல் தளர்ந்திருக்கும் வேளையில் அதுவே சுமையாகும். ஓயாத வாந்தி, பகலில் அளவுகடந்த உறக்கம், பேச்சில் தடுமாற்றம், ஈறில் குருதிக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். கல்லீரல் செயலிழப்பது அரிது. நேர்ந்தால் காலத் தாழ்வு உயிருக்கு ஆபத்து.

அறுபதைக் கடந்தவருக்குக் கண் மஞ்சளித்தால், நீரால் வந்த காமாலை என்று அவர்களே முடிவு செய்துகொள்ளலாகாது. பித்தக்குழாயை அடைத்த கல்லோ, கணையத்தில் எழுந்த கட்டியோ அதே மஞ்சளைக் காட்டும். வலியின்றி மஞ்சளித்தல், உடல் மெலிதல், மலம் வெளுத்தல், தோல் அரிப்பு ஆகியவை இருந்தால் ஸ்கேன் பரிசோதனை தவிர்க்க இயலாதது. பத்தியம் இருந்து பார்ப்போம் என்று கழிக்கும் நாள்கள் திரும்பக் கிட்டா.

தடுக்கும் வழிகள் எளியவை. நீர் கொப்புளித்துக் கொதிக்கத் தொடங்கிய பின் மேலும் 1 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். நீர்மோரையும் பானகத்தையும் கலந்தபின் கொதிக்க வைக்க இயலாது. ஆகவே, அவற்றுக்கான நீரை முன்னதாகவே கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ள வேண்டும். பயண வழியில் ஐஸ் இட்ட பானங்களையும், நறுக்கி வைத்த பழங்களையும் தவிர்ப்பது நன்று. 1 வயது நிறைந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் அதனைப் பரிந்துரைக்கிறது. வளர்ந்தவர்களும் மருத்துவரைக் கலந்து போட்டுக்கொள்ளலாம்.

கோடையில் தண்ணீர்ப் பந்தல் அமைப்பது தொன்றுதொட்டு வரும் அறம். பந்தலுக்கும் பானைக்கும் பொருள் ஒதுக்குவோர், நீரைக் கொதிக்க வைக்கும் எரிபொருளுக்கும், குவளை கழுவும் சோப்புக்கும் சேர்த்தே ஒதுக்குவாராயின், தாகத்தோடு வந்தவர் நோயின்றி வீடு திரும்புவார்.