பழைய கண், புது உடம்பு

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்க வேலை நின்றது. ஷாஃப்ட்டுகளின் இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. மாரிகுப்பத்தில் அதிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஜனங்களுக்கு அவற்றை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பார்க்க வருகிறவர்கள் வேறு ரகம். 2018இல் வந்த கன்னடப் படமும் 2024இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலா’னும் ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டுபோன பிறகு, காமிராவும் கையுமாக இளைஞர்கள் வந்திறங்குகிறார்கள்.

உள்ளூர் இளைஞனுக்கும் ஆசை இருக்கும். கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்ற கணக்கும் இருக்கும். இடிப்பது லென்ஸின் விலை. எல்லோரும் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் காமிராவுக்குத் தாவிவிட்டதால் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். இன்று செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கிறது. நல்ல லென்ஸ் அப்படி இல்லை. இங்கேதான் அப்பாவின் பீரோ உதவிக்கு வருகிறது. எண்பதுகளில் போட்டோ மோகம் பிடித்த வீடுகளில் ஒரு யாஷிகாவோ, பென்டாக்ஸோ, ரஷ்ய ஸெனித்தோ தோல் உறைக்குள் கிடக்க வாய்ப்புண்டு. காமிரா செத்திருக்கலாம், லென்ஸ் சாகாது. அது வெறும் கண்ணாடியும் பித்தளையும் அலுமினியமும்தான். பாட்டரியையோ சாஃப்ட்வேரையோ நம்பி அது வேலை செய்யவில்லை.

ஆனால் எந்த லென்ஸும் எந்த உடம்பிலும் உட்காராது. எல்லாம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விவகாரம். லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிகானில் அது 46.5 மி.மீ., யாஷிகாவில் 45.5, பென்டாக்ஸிலும் ஸெனித்தின் திருகு லென்ஸிலும் 45.46, கேனன் இ.ஓ.எஸ்.ஸில் 44. லென்ஸுக்கு வேண்டிய தூரம் காமிராவின் தூரத்தைவிட அதிகமாக இருந்தால், நடுவில் ஒரு வளையத்தைச் செருகிச் சரிக்கட்டலாம். குறைவாக இருந்தால் வழியில்லை. தொலைவில் இருப்பதெல்லாம் மங்கும். அதனால்தான் கேனன் உடம்பு யாஷிகா, நிகான், ஸெனித் என்று எல்லா லென்ஸையும் ஏற்றுக்கொள்கிறது. நிகான் உடம்பு அநேகமாக யாரையும் சேர்ப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், கேனன் தன் சொந்தப் பிள்ளைகளையே கைவிட்டது. 1987இல் இ.ஓ.எஸ். வந்தபோது, அதற்கு முந்தைய எஃப்.டி. லென்ஸ்கள் (42 மி.மீ.) அநாதையாயின. குறையைச் சரிசெய்யக் கண்ணாடி பதித்த வளையங்கள் விற்கிறார்கள். அந்தக் கண்ணாடி படத்தின் தெளிவைத் தின்றுவிடும், வாங்காமலிருப்பது நல்லது.

பென்டாக்ஸ் மட்டும் நன்றி மறக்கவில்லை. 1975இல் கொண்டுவந்த கே வளையத்தை டிஜிட்டலிலும் விடவில்லை. வளையமே வேண்டாம், நேராகப் பூட்டலாம். நிகானும் 1959 முதல் அதே பூட்டைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. 1977க்கு முந்தைய நிகான் லென்ஸ்களை டி7000 போன்ற உடம்புகளில் திருகினால், ஓரத்திலுள்ள சின்ன நெம்புகோல் உடையும். விலை குறைந்த டி3000, டி5000 வரிசைகளில் அந்த நெம்புகோலே இல்லை. பூட்டலாம், ஆனால் உள்ளிருக்கும் மீட்டர் வேலை செய்யாது. ஏழைக் காமிராவுக்குத்தான் கிழவனைத் தாங்கும் பொறுமை இருக்கிறது.

மீட்டர் இல்லாவிட்டால் என்ன? பழைய ஸ்டுடியோக்காரர்களின் கைக்கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் அபர்ச்சர் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 1/125. தங்கவயலில் இதையும் திருத்த வேண்டும். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய வெளிர்நிறச் சயனைடு மண்மேடுகள் வெயிலைத் திருப்பியடிக்கும். அங்கே 22க்குக் குறைப்பது உசிதம். தப்பினால் பிலிம் வீணாகாது; பின்பக்கத் திரையில் பார்த்து மறுபடி எடுக்கலாம். அந்தக் காலத்தில் முப்பத்தாறு படமும் முடிந்து, கழுவி வரும்வரை வயிற்றில் நெருப்பு.

ஃபோகஸ் சங்கதி அவ்வளவு சுலபமல்ல. பழைய காமிராவின் வியூஃபைண்டர் நடுவே இரண்டாகப் பிளந்து தெரியும் வட்டம் இருந்தது. பாதிகள் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. தானியங்கி லென்ஸை நம்பி வந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் அது இல்லை. கண்ணை நம்பினால் பாதிப் படங்கள் மங்கும். ஸ்டாண்டில் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்புவதுதான் வழி. நிற்கும் கோபுரத்துக்கு இது போதும். தாலி கட்டும் நொடிக்குப் போதாது. கல்யாணத்தை இதை நம்பி ஒப்புக்கொள்ளக் கூடாது. மணமக்களைத் தனியே உட்காரவைத்து எடுக்கும் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சிறிய சென்சார் உள்ள உடம்பில் 50 மி.மீ. லென்ஸ், 75 அல்லது 80 போல நடந்துகொள்ளும். முகம் எடுக்க அதுவே வாகு.

பொறுமையாகப் படம் பிடிப்பது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ஜப்பான், பிரிட்டன் சகாக்களோடு சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். கருவியில் நியான் குழாய்களும் இருந்தன. துகள் கடந்த பாதையை மின்னிக் காட்டிய அந்தக் குழாய்களைக் காமிராக்கள் இருட்டில் காத்திருந்து பிலிமில் பதித்தன.

பீரோவிலிருந்து எடுத்த லென்ஸை முதலில் சோதிக்க வேண்டும். அபர்ச்சரை முழுதாகத் திறந்து, சுரங்கத்தில் பாறையைப் பார்த்ததுபோல, பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சை. லேசானதென்றால் பழகியவரிடம் கொடுத்துத் துடைக்கலாம். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டிருந்தால் அந்த வடு போகாது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும்; சுத்தம் செய்த லென்ஸை அதற்குள்ளேயே திரும்பப் போடக் கூடாது.

இன்னொன்று, மண்மேட்டுத் தூசி. வறண்ட மாதங்களில் காற்றடித்தால் அது வீடுகளுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அங்கே நின்று லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு படத்திலும் வானத்தில் அதே இடத்தில் கரும்புள்ளி விழும். மாற்றுவதை வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிட்டுக் கிளம்புவது மேல்.