கோலும் நிறைகோலும்

பொருநையாற்றோடு சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரி, தமிழிலக்கியம் பயில்வோர்க்கு முக்கூடல் என்னும் பெயரால் அறிமுகமான ஊர். முக்கூடற்பள்ளு பாடிய மண் அது. அந்நூலில் பள்ளனின் மூத்த மனைவி முக்கூடலைச் சேர்ந்தவள். இளையவள் மருதூரைச் சேர்ந்தவள். மூத்தவள் திருமாலை வணங்குபவள். இளையவள் சிவபெருமானை வணங்குபவள். ஒருத்தி தெய்வத்தை மற்றொருத்தி ஏச, வாதம் முற்றி, இறுதியில் இருவரும் இணக்கம் கொள்கின்றனர். ஏசலையும் இலக்கியமாக்கிய அவ்வூர் ஆற்றங்கரையில் இன்று வேறோர் ஏசல் எழுகிறது. பந்தாடிக் களைத்த இளைஞர்கள் மாலை வேளையில் வட்டமாக அமர்ந்து, தாம் போற்றும் அணியில் தகுதிக்கு மீறிப் புகழப்பட்டவர் யார், தகுதியிருந்தும் புகழ் பெறாதவர் யார் என்று வழக்காடுகின்றனர்.

இது வீண்பேச்சு எனப் பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு மனிதனின் உழைப்புக்குரிய மதிப்பை எவ்வாறு அளப்பது என்னும் வினா இவ்வாதத்தில் அடங்கியிருக்கிறது. வாதம் தவறன்று, வாதிடுவோர் கையில் உள்ள நிறைகோல்தான் பல நேரங்களில் கோணலாக இருக்கிறது என்பதே நம் கருத்து.

கோணலுக்குக் காரணம் யாது? நம் கண் பந்தின் பின்னேயே ஓடுகிறது. பந்து வலைக்குள் புகும் கணத்தில் அங்கு நிற்பவரைக் காண்கிறோம். அப்பந்து அவர் காலுக்கு வந்து சேர்ந்த வழியை மறக்கிறோம். மேலும், அடித்த கோல்களை எண்ணலாம். தடுத்த ஆபத்துகளை யார் எண்ணுவது? எண்ண முடிந்ததை மட்டுமே பெரிதென்று கொள்வது மனித இயல்பு. ஆனால் அது நீதியாகாது.

நம் நாட்டு அணியையே சான்றாகக் கொள்வோம். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. அதே தென்கொரியாவை இறுதியாட்டத்தில் 2-1 என வென்று தங்கம் கொணர்ந்தது. வெற்றிக் கோல்களை அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆவர். இவர்களுள் ஜர்னைல் சிங் பின்களத் தடுப்பாட்டக்காரர். தாய்லாந்துடன் ஆடுகையில் தலையில் காயமுற்றுத் தையலிடப்பட்டவர். அவரை முன்களத்திற்கு மாற்றி ஆடச் செய்தவர் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அந்த ஐதராபாத் பெருமகனார் 1951, 1962 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டுக்கு ஆசியத் தங்கம் பெற்றுத் தந்தார். 1963இல் புற்றுநோயால் மறைந்தார். 2024இல் அவரைப் பற்றிய திரைப்படம் வெளிவந்த பின்னரே நம் இளைஞர் பலர் அப்பெயரை அறிந்தனர். அறுபதாண்டுகள் தாழ்ந்து வந்த அறிமுகம் அது!

அவ்விறுதியாட்டத்தில் இந்திய கோல்கம்பத்தைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தொடக்கத்தில் முன்கள ஆட்டக்காரராக விளங்கிய அவர், பின்னரே கோல்காப்பாளர் ஆனார். மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றபோது அதில் ஆடியவர். ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் எனப் பாராட்டப் பெற்றவர். 1967இல் அர்ஜுனா விருது பெற்றவர். கோலடிக்கும் இடத்தை விட்டுக் கோல் காக்கும் இடத்திற்குச் சென்ற இத்தகைய ஒருவரை, சிறந்த ஆட்டக்காரர் பட்டியல் போடும் நம்மவருள் எத்தனை பேர் நினைவுகூர்கின்றனர்?

முன்களத்தினர் அனைவரும் புகழில் சமமாயினர் என்றும் சொல்வதற்கில்லை. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் ஆகிய மூவரையும் அக்கால இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகள் என்பர். சுனி கோஸ்வாமிக்கு 1983இலும் பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பலராமுக்கு அது கிட்டவேயில்லை. உடல்நலக் குறைவால் இளவயதிலேயே ஆட்டத்தைத் துறந்த அவர், 2023இல் காலமானார். மூவர் தோளில் சுமந்த பல்லக்கில் இருவருக்கு மட்டும் மாலையிட்டால் அது முறையாகுமா?

இதற்காகச் சுனி கோஸ்வாமி மிகையாகப் புகழப்பட்டவர் என்று முடிவுகட்டுவதும் தவறே. அணித்தலைவராக நின்ற அவர் அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஆற்றிய பணி சிறியதன்று. ஒருவரை உயர்த்துவதற்கு மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. மிகைப்புகழ் என்பது பெரும்பாலும் புகழப்படுபவரின் குற்றமன்று. புகழ்வோரின் அளவுப் பிழை.

அயல்நாட்டாரும் இப்பிழைக்கு விலக்கல்லர். 2003ஆம் ஆண்டு ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகம் உலகப் புகழ் பெற்ற பெக்காமை வாங்கியது. நடுக்களத்தில் எதிரணியின் தாக்குதலை ஓசையின்றி முறித்து வந்த மக்கலேலேயைச் செல்சி கழகத்திற்கு விற்றது. அதன்பின் 2007 வரை அக்கழகத்தால் தன் நாட்டு லீக் பட்டத்தை மீட்க இயலவில்லை. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், ஒருவரின் அருமையை அவர் இல்லாதபோதுதான் உணர்வோம் என்பதற்கு அது நல்ல பாடம்.

நம் ஆற்றங்கரைக்கே மீள்வோம். ஊர் அணிகளில் கோல்காப்பாளராக யாரை நிறுத்துகிறார்கள்? ஓடத் தெரியாதவன் என்று ஒதுக்கப்பட்ட சிறுவனை. அவன் பத்துப் பந்துகளைத் தடுத்தாலும் பாராட்டில்லை; ஒன்றை விட்டுவிட்டால் வசை மழை. சில வாரங்களில் அவன் மைதானத்திற்கு வருவதை நிறுத்திவிடுகிறான். அவன் ஏன் வரவில்லை என்று கேட்பாரும் இல்லை. நமது கோணல் நிறைகோல் பெரிய வீரர்களை ஒன்றும் செய்துவிடாது. அது முறிப்பது இத்தகைய இளந்தளிர்களை. நாம் கவலைகொள்வது அதற்காகவே.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டுமெனத் திருமறை வலியுறுத்துகிறது. குணமும் குற்றமும் ஒருசேர ஆராய்ந்து ஒருவரை மதிப்பிடும் முறையை வள்ளுவப் பெருந்தகை தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் கற்பிக்கிறார். தானியத்தை நிறுப்பதற்கு மட்டுமா இந்நெறி? மனிதரின் உழைப்பை நிறுப்பதற்கும் இதுவே நெறி. ஆகவே இளைஞர்களே, வாதிடுங்கள். ஆனால் வாதிடுமுன் ஓர் ஆட்டத்தையேனும் பந்தை விட்டுக் கண்ணை விலக்கி, பந்து இல்லாதவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் கோல் காத்த சிறுவனின் தோளைத் தட்டிக் கொடுங்கள்.

குற்றாலத்தில் அருவியாக வீழும் சிற்றாற்றை நாடறியும். அந்நீரே சீவலப்பேரியில் கலந்தபின் பொருநையென்று மட்டுமே வழங்கப்பெறுகிறது. பெயர் போயினும் நீர் போகவில்லை; கீழுள்ள வயல்களை விளைவிப்பதில் அதற்கும் பங்குண்டு. அப்பங்கை மறவாதிருப்பதே நன்றியுடையோர் கடன்.